டெட் கூசர்: காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்த கவிஞரை எப்படி வாசிப்பது?

நெடுஞ்சாலை எழுதியது:

இரண்டு மாதங்களாக அமெரிக்கக் கவிஞர் டெட் கூசரை வரிசையாக வாசித்து வருகிறேன். அவரைப் பற்றிய எந்தக் குறிப்பை எடுத்தாலும், 35 ஆண்டுகள் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களில் பணியாற்றியவர் என்ற செய்தி முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் வந்துவிடுகிறது. அந்த அடைமொழி அவரை வாசிக்க உதவுகிறதா, அல்லது கவிதைக்கும் வாசகருக்கும் நடுவே வந்து நின்றுகொள்கிறதா என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1939 ஏப்ரல் 25 அன்று அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் பிறந்தவர். தந்தை ஒரு துணிக்கடையின் மேலாளர். தாய்வழிச் சொந்தங்கள் மிசிசிப்பி ஆற்றங்கரையில் கட்டன்பர்க் என்னும் சிற்றூரில் பெட்ரோல் நிலையம் நடத்தியவர்கள். அந்த ஊரும் அந்த மனிதர்களும் அவருடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வருவார்கள். 1962ல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஓராண்டு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்துவிட்டு, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்குச் சென்றார். அங்கே செல்வதற்கு ஒரே காரணம் கார்ல் ஷபிரோ என்ற கவிஞர் அங்கே பாடம் நடத்தினார் என்பதுதான். ஷபிரோவின் பின்னாலேயே சுற்றிக்கொண்டு மற்ற பாடங்களைக் கைவிட்டதில் உதவித்தொகை பறிபோயிற்று. கையில் காசில்லை, வீட்டில் மனைவி இருக்கிறார். நாளிதழில் வேலைவாய்ப்பு விளம்பரம் பார்த்துக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். தற்காலிகமாக என்று சேர்ந்த அந்தத் துறையில் 1999ல் ஓய்வுபெறும் வரை இருந்து, துணைத் தலைவர் பதவி வரை உயர்ந்தார். முதுகலைப் பட்டத்தை வேலை பார்த்துக்கொண்டே 1968ல் முடித்தார்.

இத்தனை ஆண்டுகளும் அவர் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஏழு மணி வரை எழுதிவிட்டு, பிறகு கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அலுவலகம் சென்றிருக்கிறார். என் கட்சி இதுதான்: அந்த இரண்டரை மணி நேரத்தின் கவிதைக்கு மீதிப் பகல்தான் பள்ளிக்கூடமாக இருந்தது. எழுதிய கவிதையைத் தம் செயலாளரிடம் காட்டி, அவருக்குப் புரியவில்லை என்றால் திருத்தி எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. பல்கலைக்கழகத்திலேயே இருந்திருந்தால் இந்தக் கவிஞர் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

கடைசிப்பக்கம் எழுதியது:

நெடுஞ்சாலை அவர்களின் அறிமுகத்துக்கு நன்றி. ஆனால் இந்தக் கதையில் மயங்காமல் கொஞ்சம் விலகி நின்று பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

செயலாளர் கதை அழகாக இருக்கிறது. ஆனால் மேலதிகாரி ஒரு கவிதையை நீட்டி ‘இது புரிகிறதா?’ என்று கேட்கும்போது, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் எந்த அளவுக்கு மனம்விட்டுப் பதில் சொல்வார்? அதைக் கவிதைக்கான உரைகல்லாக ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அடுத்தது, அலுவலகம்தான் பள்ளிக்கூடம் என்றால் அந்த அலுவலகம் கவிதைகளில் எங்கே? பகல் முழுவதும் மேசைகளுக்கிடையே கேட்கும் செயலாளர்களின் குரல்களைப் பற்றி ஒரு நல்ல கவிதை எழுதியிருக்கிறார். அதுபோல இன்னும் ஓரிரண்டு தேறும். மற்றபடி கைவிடப்பட்ட பண்ணை வீடுகள், பழைய பொத்தான்கள் நிறைந்த புட்டி, கிழவர்கள், நாய்கள், பனி. எட்டு மணி நேரம் எங்கே அமர்ந்திருந்தாரோ அந்த இடத்தைத்தான் அவர் எழுதாமல் விட்டிருக்கிறார்.

என் முக்கியமான மனக்குறை வேறு. கூசரின் கவிதை நம்மை எப்போதும் நல்லவர்களாக உணரச் செய்கிறது. ‘புற்றுநோய் மருத்துவமனையில்’ என்ற கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயுற்ற ஒரு பெண்ணை இரண்டு இளம்பெண்கள் தாங்கிப் பிடித்து அழைத்துச் செல்கிறார்கள், செவிலி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாகச் சிரித்து உற்சாகப்படுத்துகிறாள், இறுதியில் அந்தக் கணத்தை அருள் நிறைக்க, காத்திருப்போர் கையிலிருந்த பத்திரிகைகள் எல்லாம் அசைவற்றுப் போகின்றன. அந்த அறையில் பொறுமையின்மையோ கோபமோ எங்குமே இல்லை என்று கவிஞரே அடித்துச் சொல்கிறார். நான் பார்த்த மருத்துவமனைக் காத்திருப்பு அறைகள் எதிலும் அப்படி இருந்ததில்லை. இது கவிதையா, ஆறுதல் அட்டையா என்ற ஐயம் எனக்கு எழுகிறது.

பாலிசி எண் எழுதியது:

இரண்டு பேரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லவேண்டியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் 29 ஆண்டுகள் இருந்தவன் நான். அவற்றில் 11 ஆண்டுகள் புதுப் புரொபோசல்களை, அதாவது காப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களை, பரிசீலிக்கும் பிரிவில் கழிந்தன. கூசரும் அண்டர்ரைட்டராக, அதாவது அதே பரிசீலனை வேலையில், இருந்தவர் என்று அறிந்தபோது, அவருடைய கவிதைகளை மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன்.

அந்த வேலை என்னவென்று சொல்கிறேன். ஒரு மனிதனின் முகத்தை நீங்கள் ஒருநாளும் பார்க்கமாட்டீர்கள். அவனுடைய புரொபோசல் படிவம் வரும். மருத்துவ அறிக்கை வரும். தந்தை எந்த வயதில், எந்த நோயில் இறந்தார் என்ற குடும்ப வரலாறு வரும். முகவர் தரும் அந்தரங்க அறிக்கை வரும். எடைக்கும் உயரத்துக்கும் பொருத்தமில்லாமல் இருந்தால் ஒரு கேள்வி. ஒரே மாதத்தில் மூன்று இடங்களில் விண்ணப்பித்திருந்தால் இன்னொரு கேள்வி. முன்பு ஒரு பாலிசியைக் காலாவதியாக விட்டிருந்தால், அந்த ஆண்டு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று மனம் தானாகவே யோசிக்கத் தொடங்கிவிடும். மாலைக்குள் அந்தக் காகிதங்களிலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்துவிடுவான். அவனைச் சாதாரண விகிதத்தில் ஏற்பதா, எக்ஸ்ட்ரா (கூடுதல் பிரீமியம்) போடுவதா, ஒத்திவைப்பதா, மறுப்பதா என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு அடுத்த கோப்பை எடுக்கவேண்டும்.

இப்போது ‘கைவிடப்பட்ட பண்ணை வீடு’ கவிதையை வாசியுங்கள். அதில் மனிதர் ஒருவரும் இல்லை. உடைந்த பாத்திரங்களின் குவியல் மேல் கிடக்கும் காலணியின் அளவு, அவன் பெரிய ஆள் என்கிறது. மாடியறைக் கட்டிலின் நீளம், அவன் உயரமானவன் என்கிறது. முதுகு ஒடிந்து தரையில் கிடக்கும் பைபிள், கடவுளுக்கு அஞ்சியவன் என்கிறது. ஆனால் வேளாண்மைக்கு ஆனவன் அல்லன் என்று, கற்கள் அகற்றப்படாத வயலும் ஒழுகும் கொட்டகையும் சொல்கின்றன. ஒரு பெண் இருந்தாள், குழந்தை இருந்தது, பணம் இல்லை, குளிர் கடுமையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று, சான்றில்லாத ஒரு வாக்கியமும் இல்லை. நிலவறையில் மூடி திறக்கப்படாமலேயே இருக்கும் புட்டிகளைப் பார்த்து, அவள் பதற்றத்தோடு அவசரமாகக் கிளம்பியிருக்கிறாள் என்று முடிவுக்கு வருகிறார் பாருங்கள், அது எங்கள் தொழிலின் மூளை. என்ன நடந்தது என்று மட்டும் கடைசி வரை சொல்வதில்லை. ஏதோ தவறிப்போயிற்று என்பதோடு நிறுத்திவிடுகிறார். எங்கள் கோப்புகளும் அங்கேதான் நிற்கும்.

அலுவலகம் கவிதையில் எங்கே என்று கடைசிப்பக்கம் கேட்டார். நாற்காலி மேசையாக அல்லாமல் பார்க்கும் விதமாக வந்திருக்கிறது என்பேன்.

இருமொழிவாசல் எழுதியது:

பாலிசி எண் ஐயாவின் பதிவை இரண்டு முறை வாசித்தேன். அந்தக் கவிதையைத் தமிழில் பெயர்க்க முயன்றபோது எனக்கு நேர்ந்த ஒன்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மூலத்தில் முதலில் கூற்று வருகிறது, பிறகுதான் அதைச் சொல்வது எது என்று தெரிகிறது. ‘பெரிய ஆள் அவன்’ என்று யாரோ அக்கம்பக்கத்துக்காரர் பேசத் தொடங்குவதாக நினைக்கிறோம். பேசுவது காலணியின் அளவு என்று அடுத்த நொடியில் தெரிகிறது. ஆங்கிலத்தில் இது சற்றே வழக்கத்துக்கு மாறான வரிசை. தமிழிலோ ‘என்கிறது’ என்ற சொல் கூற்றுக்குப் பின்னால்தான் இயல்பாக வரும் என்பதால், ‘பெரிய ஆள் அவன், என்கிறது காலணியின் அளவு’ என்று சிரமமே இல்லாமல் அமைந்துவிட்டது. முதல் ஐந்து வரிகள் வரை எனக்கு ஒரே மகிழ்ச்சி.

ஆறாவது வரியில்தான் சிக்கல் தெரிந்தது. ஆங்கிலத்தில் ‘சொல்கிறது’ என்ற வினை ஒருமைக்கும் பன்மைக்கும் சற்றே வேறுபட்டு, ஓர் எழுத்தளவில் ஒதுங்கிக்கொள்ளும். தமிழில் ‘என்கிறது’, ‘என்கின்றன’ என்று அது வரிக்கு வரி ஓங்கி ஒலிக்கிறது. பத்து முறை வந்ததும் நீதிமன்றச் சாட்சியம் போலாகிவிட்டது. எல்லாவற்றையும் ‘என்கிறது’ என்றே வைத்தால் இலக்கணம் இடிக்கிறது. நீக்கினால் கவிதையே போய்விடுகிறது. கடைசியில் பொருள்களைக் கூடியவரை ஒருமையாக்கினேன்: கற்கள் நிறைந்த வயல், ஒழுகும் கொட்டகை, அடைபட்ட புட்டி. ஒருமையாக்கியதும் வீட்டிலிருந்த சாமான்கள் குறைந்துவிட்டதுபோல் ஓர் உணர்வு. இன்னும் அந்த மொழிபெயர்ப்பு என் குறிப்பேட்டிலேயே கிடக்கிறது.

இவ்வளவு எளிய சொற்களைக் கொண்ட கவிதை இவ்வளவு பாடுபடுத்தும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மழைக்குறிப்பு எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவரை இதுவரை வாசிக்காதவர் எந்தத் தொகுப்பிலிருந்து தொடங்கலாம்?

நெடுஞ்சாலை எழுதியது:

மழைக்குறிப்பு அவர்களுக்கு: ‘டிலைட்ஸ் அண்ட் ஷேடோஸ்’ தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். 2004ல் காப்பர் கேன்யன் பிரஸ் என்ற லாப நோக்கற்ற பதிப்பகம் வெளியிட்டது. 2005ல் புலிட்சர் பரிசு பெற்றது. அது பிடித்திருந்தால் பின்னோக்கிச் சென்று 1980ல் வெளிவந்த ‘ஷ்யூர் சைன்ஸ்’ தொகுப்பைப் பாருங்கள். பாலிசி எண் ஐயா சொன்ன பண்ணை வீடு அதில் இருக்கிறது. 1969ல் வந்த முதல் தொகுப்பு ஆர்வலர்களுக்கு மட்டும்.

‘ஷ்யூர் சைன்ஸ்’ தொகுப்பின் முதல் கவிதையே தமக்கான வாசகரைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. அழகான ஒரு பெண், சலவைக்குக் கொடுக்கக் காசில்லாமல் அழுக்கேறிய பழைய மழைக்கோட்டோடு புத்தகக் கடைக்கு வருகிறாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இவருடைய கவிதைகளைப் புரட்டிப் பார்க்கிறாள். புத்தகத்தை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, இந்தக் காசுக்குக் கோட்டைச் சலவை செய்துகொள்ளலாமே என்று நினைக்கிறாள். அவள் அப்படியே செய்வாள் என்று கவிதை முடிகிறது. தம் புத்தகத்தை வாங்காமல் போகிறவளையே தமக்கேற்ற வாசகியாகத் தேர்ந்தெடுக்கும் கவிஞரை ஆறுதல் அட்டைக்காரர் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசிப்பக்கம் அவர்கள் சொன்ன செயலாளர் விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மையார் ‘புரிகிறது’ என்று பொய் சொல்லியிருந்தாலும், யாரோ ஒருவருக்குப் புரியவேண்டும் என்ற அக்கறை இவரிடம் இருந்தது என்பது பொய்யாகிவிடாது. ஒரு சிறு கவிதைக்கு முப்பது நாற்பது வரைவுகள் எழுதுவதாகவும், திருத்தத் திருத்தக் கவிதை எளிமையாகிக்கொண்டே போவதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். நம்மில் பலர் திருத்தும்போது இறுக்கிக்கொண்டே போவோம். இவர் தளர்த்திக்கொண்டே போகிறார்.

விமர்சகர் டேனா ஜோயா இவரைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை, 1992ல் வந்த ஜோயாவின் கட்டுரைத் தொகுப்பில் இருக்கிறது. ஜோயாவும் ஓர் உணவுப்பொருள் நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்துகொண்டு எழுதியவர் என்பதைக் கவனிக்கவேண்டும். கூசரின் கவிதை விளக்கம் கேட்காத கவிதை என்பதால் விளக்கம் சொல்லிப் பிழைக்கும் விமர்சகர்களுக்கு அதில் வேலை இல்லாமல் போய்விடுகிறது என்பது அவருடைய வாதம். தம் தலைமுறையில் குறையற்ற கவிதைகளை இவர் அளவுக்கு எழுதியவர் இல்லை என்றும் ஜோயா சொல்கிறார். எல்லை குறுகியது என்பதையும் மறைக்கவில்லை.

கடைசிப்பக்கம் எழுதியது:

எல்லை குறுகியது என்று அவருடைய ஆதரவாளரே சொன்னதை மேற்கோள் காட்டியதற்கு நன்றி.

பாலிசி எண் ஐயாவின் வாசிப்பு என்னை உலுக்கியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதை ஏற்பதிலும் ஒரு தடை இருக்கிறது. சான்றுகளிலிருந்து ஆளை ஊகிக்கும் மூளை துப்பறிவாளனுக்கும் உண்டு, தொல்லியல் ஆய்வாளருக்கும் உண்டு. கூசர் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராகியிருந்தால் அந்தக் கவிதையை எழுதியிருக்கவே மாட்டார் என்று எப்படி உறுதியாகச் சொல்லமுடியும்? அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸும் காப்பீட்டுத் துறைதான். ஹார்ட்ஃபோர்டு நகரில் துணைத் தலைவர்தான். அவரும் புலிட்சர் பெற்றவர்தான். அவருடைய கவிதைகளில் இத்தகைய கோப்பு மூளை எங்கும் தென்படவில்லையே. ஒரே தொழில் இருவரில் ஒருவரைப் பண்ணை வீட்டுக்கும் மற்றவரைத் தத்துவ மூடுபனிக்கும் கொண்டுசென்றதென்றால், தொழில் காரணமாக இருக்கமுடியாது.

பாலிசி எண் எழுதியது:

நியாயமான கேள்வி. ஆனால் ஸ்டீவன்ஸ் சட்டம் படித்தவர். அவர் பார்த்தது பெரும்பாலும் ஜாமீன் பத்திரங்கள், அதாவது ஒருவர் தம் கடமையை நிறைவேற்றுவார் என்று நிறுவனம் தரும் உறுதிகள், தொடர்பான கோரிக்கைகள். ஆயுள் காப்பீட்டில் வரும் கோப்பில் இருமல் இருக்கும், இரத்த அழுத்தம் இருக்கும், இறந்துபோன தங்கை இருப்பாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் காப்பீடு எல்லாம் ஒன்றுதான். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படி அல்ல. ஸ்டீவன்ஸுக்கு அலுவலகத்தில் எழுதத் தம்மைவிட நிறைய நேரம் கிடைத்தது என்று கூசரே வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

தொழில் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. கட்டன்பர்க் பெட்ரோல் நிலையத்தின் வாசலில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த சிறுவன்தான் அலுவலகத்துக்குப் போனான். ஸ்டீவன்ஸ் அந்தச் சிறுவன் அல்லர்.

கார்த்திகை எழுதியது:

மருத்துவமனைக் கவிதையைப் பற்றி எழுதவேண்டும் என்று இரண்டு நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கவிதையை எழுதியவர் அந்த அறைக்கு வேடிக்கை பார்க்கச் சென்றவர் அல்லர் என்பது முதலில் நினைவிருக்கவேண்டும். 1998ல் கூசருக்கு வாயில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் நடந்தன. அதே ஆண்டில் தாயாரும் இறந்துபோனார். அந்தக் கோடை முழுவதும் தம்மைத்தாமே நொந்துகொண்டு, வாசிப்பையும் எழுத்தையும் அநேகமாக விட்டுவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். கதிர்வீச்சு பெற்ற தோலுக்கு வெயில் ஆகாது, ஓராண்டு வெயிலில் வரக்கூடாது என்று மருத்துவர் சொன்னதால், பொழுது விடியும் முன்னர் இரண்டு மைல் நடக்கத் தொடங்கினார். சில நாள் மனைவியோடு, பெரும்பாலும் தனியாக. நவம்பரில் ஒருநாள் நடந்து திரும்பியதும் ஒரு கவிதை எழுதிப் பார்த்தார். அது தொடர்ந்தது. ஒவ்வொன்றையும் ஓர் அஞ்சலட்டையில் ஒட்டித் தம் நண்பரும் எழுத்தாளருமான ஜிம் ஹாரிசனுக்கு அனுப்பினார். அவற்றில் நூறுதான் 2000ல் ‘வின்டர் மார்னிங் வாக்ஸ்’ என்ற நூலாயிற்று.

என் தாயாருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை நடந்த ஆண்டில் அந்த நூல் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு கவிதைக்கும் தலைப்பு கிடையாது. தேதியும் அன்றைய வானிலையும்தான். தெளிவான வானம், காற்றில்லை, இத்தனை டிகிரி என்று. நோயைப் பற்றி நேரடியாகப் பேசும் கவிதைகள் மிகக் குறைவு. நாங்களும் அந்த நாட்களில் வீட்டில் அப்படித்தான் பேசிக்கொண்டோம்: இன்று வெயில் அதிகம், இன்று பேருந்தில் கூட்டமில்லை, இன்று அம்மா இட்லி ஒன்று கூடுதலாகச் சாப்பிட்டாள். சொல்லமுடியாததைச் சுற்றி வானிலையை அடுக்கிக்கொள்வது நோயாளி வீட்டு வழக்கம். கடைசிப்பக்கம் அவர்கள் காத்திருப்பு அறையில் கோபத்தைப் பார்த்திருக்கலாம், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கதவிலிருந்து பரிசோதனை அறை வரை பத்தடி தூரத்தை ஒருவர் கடக்கும்போது அந்த அறை முழுவதும் அமைதியாகிவிடும் அந்த அரை நிமிடத்தையும் பார்த்திருக்கிறேன். கவிதை அந்த அரை நிமிடத்தைப் பற்றியது மட்டும்தான்.

இந்த அஞ்சலட்டைக் கவிதைகள் சிலவற்றுக்கு மரியா ஷ்னைடர் இசையமைக்க, டான் அப்ஷா பாடிய இசைத்தொகுப்பு 2014 கிராமி விழாவில் மூன்று விருதுகளைப் பெற்றது. ஷ்னைடரும் புற்றுநோயிலிருந்து மீண்டவர்.

மழைக்குறிப்பு எழுதியது:

கார்த்திகை அவர்களின் பதிவுக்குப் பிறகு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அம்மா நலமா?

கார்த்திகை எழுதியது:

நலமாக இருக்கிறார். நன்றி.

நெடுஞ்சாலை எழுதியது:

அவருடைய பொதுவாழ்க்கையைப் பற்றியும் இங்கே பதிந்துவைக்கவேண்டும்; இல்லையென்றால் மூலையில் அமர்ந்து எழுதிய ஒரு மனிதரைப் பற்றிய சித்திரமாக மட்டும் இந்த இழை முடிந்துவிடும்.

2004ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் ஜேம்ஸ் பில்லிங்டன் அவரை அமெரிக்காவின் 13ஆவது அரசவைக் கவிஞராக நியமித்தார். அரசனே இல்லாத நாட்டில் அரசவைக் கவிஞர் எப்படி என்ற கேள்வி வேறு. வழக்கில் அப்படித்தான் சொல்கிறோம். நெப்ராஸ்கா போன்ற பெருஞ்சமவெளி மாநிலங்களிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் கவிஞர் அவர். தொலைபேசியில் செய்தி கேட்டுத் தடுமாறிப்போய், மறுநாள் கொட்டகையிலிருந்து வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது பக்கக் கண்ணாடியை இடித்துப் பெயர்த்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

அந்தப் பதவியில் அவர் செய்த காரியங்களில் நிலைத்தது ‘அமெரிக்கன் லைஃப் இன் பொயட்ரி’ என்ற வாராந்தரப் பத்தி. 2005ல் தொடங்கினார். வாரம் ஒரு சிறு கவிதை, அதற்கு மேலே அவருடைய இரண்டு மூன்று வாக்கிய முன்னுரை. எந்தச் செய்தித்தாளும் கட்டணமில்லாமல் வெளியிட்டுக்கொள்ளலாம். பெரிய இதழ்களைவிடச் சிற்றூர்களின் வாராந்தரத் தாள்களுக்கு இது கைகொடுத்தது. உழவுக்கருவி விளம்பரத்துக்கும் இறப்புச் செய்திக்கும் நடுவே ஒரு கவிதை. அவர் மனைவி நெப்ராஸ்காவின் லிங்கன் நகர நாளிதழின் ஆசிரியராக இருந்தவர் என்பதால், ஒரு பத்திரிகை அலுவலகம் எதை ஏற்கும், எதைத் தூக்கி எறியும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 2020 இறுதி வரை நடத்திவிட்டு, கானாவில் பிறந்து ஜமைக்காவில் வளர்ந்த கவிஞர் குவாமே டாஸ் கையில் ஒப்படைத்தார்.

அஞ்சலட்டை இவருக்கு ஒரு பித்து என்றே சொல்லலாம். 1986ல் காதலர் தினத்துக்கென்று ஒரு கவிதை எழுதி, அஞ்சலட்டையில் அச்சிட்டு, தெரிந்த பெண்கள் ஐம்பது பேருக்கு அனுப்பினார். ஆண்டுதோறும் இது தொடர்ந்து, கூட்டங்களில் கவிதை வாசிக்கச் செல்லும் ஊர்களிலெல்லாம் பெண்கள் முகவரி எழுதித் தர, 2007ல் பட்டியல் 2600 பெயர்களாகிவிட்டது. அஞ்சல்தலைச் செலவு தாங்காமல் அந்த ஆண்டோடு நிறுத்திக்கொண்டார். மனைவி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார் என்பது கேள்வி.

லிங்கன் நகரில் 2009ல் திறக்கப்பட்ட ஒரு தொடக்கப் பள்ளிக்குக் கூசரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

கடைசிப்பக்கம் எழுதியது:

கார்த்திகை அவர்களின் பதிவுக்கு உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அந்தக் கவிதையைத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்ததுதான். ‘அரை நிமிடம்’ என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ‘அருள்’ என்ற சொல்லை அவர் அங்கே எழுதியிருக்க வேண்டியதில்லை என்ற கருத்தில் மாற்றமில்லை. பத்திரிகைகள் அசைவற்றுப் போயின என்ற காட்சியே அதைச் சொல்லிவிடுகிறது. பண்ணை வீட்டில் காட்டிய கட்டுப்பாட்டை இங்கே கைவிட்டுவிட்டார்.

நானே தேடிக் கண்டடைந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு எதிராகவே அது இருந்தாலும். 1986ல் வந்த ‘தி பிளிசர்ட் வாய்சஸ்’ என்ற சிறு நூல். 1888 ஜனவரி 12 அன்று பெருஞ்சமவெளியில் எதிர்பாராமல் வீசிய பனிப்புயலில் பள்ளிவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் பலர் வழியிலேயே உறைந்து இறந்தார்கள். பிழைத்தவர்கள் பின்னாளில் பதிவு செய்த நினைவுகளிலிருந்து, ஒவ்வொரு கவிதையும் ஒரு குரலாக எழுதப்பட்டிருக்கிறது. எவர் பெயரும் இல்லை. ஆண் குரல், பெண் குரல் என்ற அடையாளம் மட்டுமே. அங்கே ஆறுதல் என்பதே கிடையாது. காலையில் பனி உருகும் அளவுக்கு இதமாக இருந்ததால் மேலங்கி இல்லாமல் போனார்கள் என்பது போன்ற செய்திகள் வெறுமனே வைக்கப்படுகின்றன. இந்தக் கூசரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்திரிகைப் பத்தியின் இனிமையான தாத்தா இவரை மறைத்துவிட்டார். முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: காப்பீட்டு அடைமொழியைவிட இந்தத் தாத்தா அடைமொழிதான் பெரிய இடைஞ்சல்.

பாலிசி எண் எழுதியது:

அந்த நூலை நான் வாசித்ததில்லை. இந்த வாரமே தேடுகிறேன். பெயரில்லாத குரல்கள் என்றதும் எங்கள் அலுவலகத்து இறப்புக் கோரிக்கைக் கோப்புகள் நினைவுக்கு வந்தன. ஆனால் அதை மறுபடியும் தொடங்கினால் கடைசிப்பக்கம் கோபித்துக்கொள்வார்.

இருமொழிவாசல் எழுதியது:

மொழிபெயர்ப்பில் இன்னொரு முடிச்சு விழுந்திருக்கிறது, உதவி தேவை.

கார்த்திகை அவர்கள் குறிப்பிட்ட அஞ்சலட்டை நூலின் கடைசிக் கவிதை மார்ச் 20 அன்று எழுதப்பட்டது. இரவும் பகலும் சமமாகும் நாள். விடியும் முன்னரே நடந்துகொண்டிருந்தவர், பொழுது முன்கூட்டியே புலரத் தொடங்கியதால் சூரியனை நேருக்கு நேர் சந்தித்துவிடுகிறார். சாலையின் கடைக்கோடியில் சூரியன் நின்று இவருக்காகக் காத்திருந்தது என்பதோடு நூல் முடிகிறது. வெயிலில் வரவே கூடாது என்று மருத்துவர் விலக்கி வைத்திருந்த அதே சூரியன் என்பது தெரிந்தால்தான் அந்த வரிக்கு முழுப்பொருள்.

‘காத்திருந்தது’ என்றால் அஃறிணை. ஏதோ பேருந்து காத்திருந்ததுபோல் இருக்கிறது. ‘காத்திருந்தான்’ என்றால் கதிரவன், பகலவன் என்று பழைய செய்யுள் வாடை அடிக்கிறது; கூசர் ஒருபோதும் அப்படி எழுதமாட்டார். என்ன செய்யலாம்?

கார்த்திகை எழுதியது:

எனக்கு மொழிபெயர்ப்பு தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவை அழைத்துச் செல்ல ஆட்டோ வந்தால், ‘வாசலில் நிற்கிறது’ என்றுதான் சொல்வோம். காத்திருக்கிறது என்று சொல்லமாட்டோம். நிற்கிறது என்றாலே நமக்காகத்தான் என்று புரிந்துவிடும்.

இருமொழிவாசல் எழுதியது:

‘சாலையின் கோடியில் நின்றுகொண்டிருந்தது சூரியன், எனக்காக.’ இப்படி வைத்துப் பார்க்கிறேன். மேலே உள்ள இரண்டு வரிகளை மாற்றவேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முழு வரைவையும் இங்கே இடுகிறேன்.